பொழுதோடு உறங்கும் வீட்டுக்குப் பெண் கொடுத்த கதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பாள் என் மனைவி. அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. தேனியில் எங்கள் வீட்டு வாசலில் என் தங்கை ஒரு துணிப்பையோடு நின்றாள். வயிற்றில் பிள்ளை. கம்பத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். “என்னத்தா, சொல்லாமக் கொள்ளாம?” என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, அவுக கஞ்சா குடிக்கிறாக. நான் இனிமே அங்கன போகமாட்டேன்” என்றாள்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவன் நான்தான். கம்பத்தில் சொந்த உரக்கடை, கோம்பைப் பக்கம் ஊரில் அம்மாவும் கொஞ்சம் நிலமும், பீடி சிகரெட் கூடக் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று நாலு இடத்தில் விசாரித்து, சல்லடை போட்டுச் சலித்து எடுத்தேன் என்று கல்யாணத்தில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இப்போது தங்கை வாயும் வயிறுமாக வந்து நிற்கிறாள். என் மனைவி அவளை உள்ளே கூட்டிப்போய்க் காப்பி போட்டாள். 

காப்பி குடித்த பிறகு தங்கை விவரமாகச் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர்கள் ராத்திரி வரை வியாபாரம் பார்க்கும்போது இவர் விளக்கு வைக்கும் நேரத்துக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறாராம். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்குமாம். பேச்சு குழறுமாம். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாராம். சில நாள் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவாராம்.

“உலுக்குனாலும் எந்திரிக்கமாட்டாகண்ணே. பெறகு கோழி கூவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுச் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிருவாக. எங்க போறீகன்னு கேட்டா, சும்மா காத்தாடன்னுவாக. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாக, ஜீப் ஸ்டாண்டுல டிரைவருகளோட நிக்கிறாகளாம்.”

ஜீப் ஸ்டாண்டு என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது மாதிரி இருந்தது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியுமுன் அங்கேதான் நிற்கும். மலைக்குப் போய் மலையிலிருந்து திரும்புகிற வண்டிகள். மலையிலிருந்து என்ன இறங்கும் என்று எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளையும் சொல்லும்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இப்படி ஒரு சாபம். வெளியூரில் ஊர்ப்பேரைச் சொன்னால் எதிரே இருப்பவன் ஒரு கள்ளச் சிரிப்புச் சிரிப்பான். எப்போதோ எவனோ மலைக்காட்டுக்குள் பயிர் வைத்த பாவம், திராட்சையும் வாழையும் நெல்லும் போட்டு வயிறு வளர்க்கிற சனம் முழுக்கச் சுமக்கிறது. சரி, வெளியூர்க்காரன்தான் அப்படி என்றால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எவன் கண்ணாவது சாயங்காலம் சிவந்திருந்தால் கண்வலியாக இருக்கும் என்று எங்களுக்கு முதலில் நினைக்க வராது. எங்கள் புத்தியும் நேரே மலைக்குத்தான் போகும்.

மறுநாளே கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக, என்னென்ன கேட்கவேண்டும், எந்த வார்த்தைக்கு அப்புறம் கையை ஓங்கவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை. உத்தமபாளையம் தாண்டுவதற்குள் மாப்பிள்ளையை மனசுக்குள் பலமுறை அடித்துவிட்டேன்.

கடையில் கூட்டம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “வாங்க மச்சான். அவ நல்லா இருக்காளா? சாப்புட்டாளா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மதியம் முழுக்க மனுசர் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். திராட்சை இலையில் வெள்ளை பூத்ததற்கு என்ன மருந்து, எத்தனை டேங்குக்கு எவ்வளவு என்று ஒரு விவசாயிக்குப் பொறுமையாகச் சொன்னார். கஞ்சா குடிக்கிறவனுக்கு இவ்வளவு நிதானமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தையும் கோபத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

வெயில் இறங்கி, தெருவில் விளக்கு எரியத் தொடங்கியதும் ஆளே மாறினார். கொட்டாவி மேல் கொட்டாவி. பொட்டாஷ் கேட்டவருக்கு யூரியா மூட்டையைக் காட்டினார். வார்த்தை வாய்க்குள்ளேயே உருண்டது. “ஒரு நிமிசம் மச்சான், இந்தா வாரேன்” என்று மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரிப் பின்னால் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் குனிந்தார். எட்டிக் கையைப் பிடித்தேன்.

“கையத் தொறங்க மாப்ள.”

திறந்தார். தலைவலித் தைலம். சின்ன டப்பா. இரண்டு கண்ணுக்கும் கீழே அப்பியிருந்தது, கண்ணீர் தாரையாக வழிந்தது, கண் சிவந்து கிடந்தது.

“தலைவலியா?”

“இல்ல மச்சான். தூக்கம்.”

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. யூரியா மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சின்னப் புள்ளையில இருந்தே இப்படித்தான் மச்சான். பொழுது சாஞ்சா என் ஒடம்பு என் பேச்சைக் கேக்காது. டியூசன்ல அடி வாங்காத நாளில்ல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். ஒரு தோட்டத்துக்கு ராக்காவலுக்குப் போனாக. மொத நாளே தூங்கிட்டாக, எவனோ மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டான். திருடனுக்கு வழி காட்டிக் குடுத்ததே இவருதான்னு பேராகிப்போச்சு. அந்தப் பேரோடயேதான் செத்தாக.”

“அப்ப இந்தத் தைலம்?”

“கடையச் சாத்துற வரைக்கும் முழிச்சிருக்கணும்ல. வீட்டுக்குப் போயி அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்ல. நாள் பூரா ஒத்தையில கெடக்கா.”

“ஜீப் ஸ்டாண்டுல என்ன வேலை?”

“மூணு மணிக்கெல்லாம் முழிப்புத் தட்டிருது. அந்நேரத்துக்கு ஊருல வேற யாரு மச்சான் முழிச்சிருக்கா? டீக்கடையும் ஜீப்காரவுகளும்தான்.”

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போனது. அந்த மூட்டை மேலேயே படுத்துச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. தனக்கு ஏதோ மூளைக்கோளாறு என்று அந்த மனுசர் இத்தனை வருசமாக நம்பிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் விலங்கியல் வாத்தியார். இளவயதில் மதுரையில் ஆராய்ச்சி செய்தபோது நான் வளர்த்ததே பழ ஈக்களைத்தான். அழுகின திராட்சையில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. ரவையும் வெல்லமும் வாழைப்பழமும் போட்டுக் கிண்டிய களியைப் பாட்டிலில் ஊற்றி அதில் வளர்ப்போம். அந்த ஈ கூட்டை உடைத்து வெளியே வருவது விடியற்காலையில்தான். அந்நேரம் காற்றில் ஈரம் இருக்கும், சிறகு காய்ந்து சுருங்குமுன் விரித்துக்கொள்ளலாம். பிறகு வெளிச்சமே படாத இருட்டறைக்கு மாற்றினாலும், வெளியே விடிகிற நேரத்தை ஒட்டித்தான் அது கூட்டை உடைக்கும். யாரும் அதற்கு மணி சொல்லவில்லை. கடிகாரம் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தில் முள்ளும் கிடையாது, சக்கரமும் கிடையாது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிற கதைதான். ஒரு ஜீன் வேலை செய்து ஒரு புரதத்தைச் செய்யும். புரதம் நிறைய நிறைய, அதுவே திரும்பிப் போய்த் தன்னைச் செய்த ஜீனை நிறுத்திவிடும், தொட்டி நிறைந்ததும் மிதவை மோட்டாரை நிறுத்துகிற மாதிரி. பிறகு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வற்றும். வற்றியதும் ஜீன் மறுபடி ஓடத் தொடங்கும். இப்படி ஒரு தரம் நிறைந்து வற்ற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறிப் பிறந்த ஈக்களும் உண்டு. சிலதுக்குத் தொட்டி சீக்கிரம் வற்றும். நாளே குறுகிப்போகும். கூட உள்ள ஈயெல்லாம் உறங்கும்போது அது விழித்துக்கொண்டு திரியும்.

ஈயின் கடிகாரம் ஈயோடு நிற்கவில்லை. ஈக்கும் நமக்கும் பொதுவாக ஒரு முன்னோர் இருந்தது, கோடானுகோடி வருசத்துக்கு முன்னால் கடலடியில் ஊர்ந்த ஏதோ ஒரு புழு மாதிரி ஜீவன். அது விட்டுப்போன சொத்து இந்த ஜீன். பங்காளிகள் பிரிந்து, ஒரு கிளை ஈயாகி, ஒரு கிளை மீனாகி, மாடாகி, மனுசனாகி, யார் எங்கே போனாலும் இந்தச் சொத்தை மட்டும் யாரும் தொலைக்கவில்லை. நம் கிளையில் அது நகலாகி மூன்றாகிவிட்டது. ஈயின் உடம்பில் வெளிச்சத்தைப் பிடித்துக் கடிகாரத்தைச் சரிசெய்யும் இன்னொரு புரதம் உண்டு. அதன் பங்காளி நம்மிடமும் இருக்கிறது, ஆனால் நமக்கு வந்த இடத்தில் வெளிச்சம் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஜீனை நிறுத்தும் வேலையைப் பார்க்கிறது. ஆள் அதே, உத்தியோகம் வேறு.

மனுசரிலும் அந்த ஜீனில் ஓர் எழுத்து மாறிய குடும்பங்கள் உண்டு. பொழுதோடு உறங்கி, ஊர் உறங்கும்போதே விழித்துவிடுவார்கள். அது வம்சத்தில் வரும். இதை நான் வகுப்பில் பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், பரீட்சைக்குக் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்கே அது மாப்பிள்ளையாக வந்தபோது எனக்குக் கஞ்சாதான் தெரிந்தது. படித்த மடையன் என்பது இதுதான்.

“மாப்ள, ஒங்க சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?” என்று கேட்டேன்.

“யாருக்கு இல்ல மச்சான்?” என்றார்.

அதையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று மறுநாள் அவரோடு அவர் ஊருக்குப் போனேன். அவருடைய அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் எல்லாரும் இருந்தார்கள். டீக்கடையில் வழி கேட்டபோது, “யாரு, கோழி வீடா? இப்பவே போயிருங்க, இருட்டிருச்சுன்னா கதவத் தொறக்க ஆளிருக்காது” என்றார் கடைக்காரர். ஊர் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. பொழுது விழுந்தால் அடைந்துவிடுவார்களாம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

நல்ல உபசரிப்பு. ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போனதுதான் தாமதம், உபசரிப்பு தள்ளாடத் தொடங்கியது. சித்தி எனக்கு ரசம் ஊற்ற வந்து மோரை ஊற்றினார். சித்தப்பா கம்பத்தில் திராட்சை விலையைப் பற்றி ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை, சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து உறங்கிவிட்டார். எனக்கு அத்தை முறையான மாப்பிள்ளையின் அம்மா, “தம்பி, டிவி பாக்குறதுன்னா பாருங்க, எங்களுக்குச் சத்தம் கேக்காது” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். எல்லாப் பிள்ளைகளுமா என்றால் இல்லை. சித்தப்பா மகள் ஒருத்தி மட்டும் என்னோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். “எனக்கு இதெல்லாம் இல்ல. நான் எங்கம்மாவோட அம்மா மாதிரி” என்றாள். வம்சத்தில் சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று நான் பாடம் நடத்துவேனே, அது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றது.

விடியுமுன் என்னை எழுப்பியது கிரைண்டர் சத்தம். வெளியே வந்து பார்த்தால் வளவு முழுக்க விளக்கு. சித்தி கோலம் போட்டு முடித்திருந்தார். சித்தப்பா நேற்று விட்ட வாக்கியத்தைப் பிடித்துத் திராட்சை விலையை முடித்தார். ஆளாளுக்குப் பேச்சு, சிரிப்பு, வம்பு, நடுமத்தியானம் மாதிரி. என் மாப்பிள்ளை, அதிர்ந்து பேசாதவர் என்று நான் நினைத்திருந்த அதே மாப்பிள்ளை, சித்தப்பாவைக் கேலி பண்ணி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் அவராக இருக்கும் நேரத்தில் என் தங்கை அவரைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை காப்பி கொடுத்தார். நான் கேட்டேன், “ஏன் அத்தை, இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பொண்ணு குடுத்திருப்பீகளா தம்பி?”

“குடுத்திருக்கமாட்டேன்.”

“அதான்” என்றார். பிறகு அவரே சொன்னார். “எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா அத்தை மகன், மாமன் மகதான். வந்தவளும் பொழுதோட படுப்பா, வாச்சவனும் பொழுதோட படுப்பான். இது ஒரு கொறைன்னே எங்களுக்குத் தெரியாது. சொந்தத்துல கட்டுனா புள்ளைகளுக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாக, அதான் மொத மொதல்ல அசல்ல எடுத்தோம். எடுத்த பெறகுதான் பயம் வந்துச்சு. சீக்குக்காரன்னு நெனச்சிருவா, வாயத் தொறக்காதடான்னு நாந்தான் சொன்னேன்.”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். ஈயையும் தொட்டியையும் பற்றிச் சொல்லி, இது சீக்கு இல்லை, கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான் என்றேன். அத்தை முகம் சுருங்கியது. “அதுக்காக ஈயோட சேத்துட்டீகளே தம்பி.”

“ஒங்கள மட்டும் இல்ல அத்தை. எனக்குள்ளயும் அதே ஈக் கடிகாரந்தான் ஓடுது.”

“அப்பச் சரி” என்றார்.

இவ்வளவு காலம் இயற்கை இப்படிப்பட்டவர்களைக் கழித்துவிடாமல் ஏன் வைத்திருக்கிறது என்று சிலர் யோசித்திருக்கிறார்கள். காட்டில் கூட்டமாக வாழ்ந்த காலத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்கினால் புலிக்குத்தான் லாபம், முன்னால் உறங்குகிறவனும் பின்னால் உறங்குகிறவனும் கலந்திருந்தால் எப்போதும் ஒருவன் விழித்திருப்பான் என்பார்கள். நிரூபணம் கிடையாது. அந்தக் காப்பியைக் குடித்தபோது எனக்கு நம்பவேண்டும் போல இருந்தது.

வாத்தியார் சொன்னால் போதாது என்று மாப்பிள்ளையை மதுரையில் ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போனேன். அவர் வம்சக் கதை முழுக்கக் கேட்டார், பார்க்கவேண்டியதைப் பார்த்தார். வியாதி எதுவும் இல்லை, சாயங்காலம் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், கொஞ்சம் தள்ளிப்போகும், கண்ணில் தைலம் தடவுவதை இன்றோடு விடுங்கள் என்றார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். “எங்கப்பாகிட்ட யாராச்சும் இதச் சொல்லியிருக்கலாம் மச்சான்” என்றார்.

மாப்பிள்ளையைக் கம்பத்துக்கு அனுப்பிவிட்டு, தேனிக்கு வந்து தங்கையிடம் எல்லாம் சொன்னேன். கஞ்சா இல்லை என்றதும் அழுதுவிட்டாள். என் மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “புள்ளைக்கும் வருமாண்ணே?” என்று கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம் என்றேன். “வந்தா வந்துட்டுப் போகுது” என்றாள். சரி, முடிந்தது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சீக்கு இல்லைன்னா எதுக்கு மறைச்சாக? நான் போகல” என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நீங்க சும்மா இருங்க. அவ கேக்குறது ஞாயந்தான்” என்றாள் மனைவி. நான் சும்மா இருந்தேன்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் கதவு தட்டும் சத்தம். மாப்பிள்ளைதான். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். குளித்து, தலை சீவி, மலர்ந்த முகம். என் தங்கையோ வெயில் ஏறினாலும் எழமாட்டாள், அப்படி ஒரு தூக்கக்காரி. தலையை அள்ளி முடிந்துகொண்டு, தூக்கம் கலையாத கண்ணோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நானும் மனைவியும் அடுப்படிக்குள் ஒதுங்கினோம். அங்கிருந்து எல்லாம் கேட்டது, ஒளிப்பானேன்.

“இத இன்னும் யாரு யாருகிட்ட மறைச்சு வச்சிருக்கீக?” என்றாள்.

“யார்கிட்டயும் இல்ல. எல்லாருக்கும் தெரியும். எங்க ஊருக்கே தெரியும். ஒங்கிட்ட மட்டுந்தான்.”

“ஏன், நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?”

அவர் ஏதோ சொல்லத் தொடங்கிக் குழறினார். காலை நேரம், தூக்கத்தின் மேல் பழி போட முடியாது.

“மத்தவுக எல்லாம் எங்க சொந்தம், எங்கயும் போகமாட்டாக” என்றார். “போறதுன்னா நீ ஒருத்திதான் போக முடியும்.”

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தங்கை அடுப்படிப் பக்கம் திரும்பி, “மதினி, அவுகளுக்குக் காப்பி குடுங்க” என்றாள். அறைக்குள் போய்த் துணிப்பையை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

“மத்தியானத்துக்குள்ள கம்பம் போயிரணும். பொழுது சாஞ்சுச்சுன்னா பஸ்ஸுல வயித்துல ஒண்ணையும் தோள்ல ஒண்ணையும் நான்தான் சொமக்கணும்.”